துண்டுத் துணியும் தையல் கூலியும்

மனிதர்கள் தொலைத்துவிட்டுத் தேடும் பொருள்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்தால், அதில் முதல் ஸ்தானம் சாவிக்குத்தான் கிடைக்கும் என்பது நமது அபிப்பிராயம். குடைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கூட அந்த யோக்கியதை உண்டு என்று சிலர் வாதாடக்கூடும். ஆனால், குடையைத் தொலைத்தவன் நனைந்துகொண்டாவது வீடு போய்ச் சேரலாம். கண்ணாடியைத் தொலைத்தவன் தட்டுத் தடவியாவது உள்ளே நுழையலாம். சாவியைத் தொலைத்தவனோ தன் வீட்டு வாசலில் தானே விருந்தாளியாக நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் இவ்வளவு தொல்லை இருந்ததில்லை. வீட்டுக்கு ஒரு சாவிக்கொத்து. அது வீட்டு எஜமானியின் இடுப்பில் இருக்கும். கொல்லைக் கதவு, நெல் கொட்டி வைத்திருக்கும் அறை, பாத்திர அறை, நகைப் பெட்டி எல்லாம் அந்த ஒரே வளையத்துக்குள் அடக்கம். ஒவ்வொரு சாவியும் ஒரு விரல் நீளம். கனமோ கேட்க வேண்டாம். அம்மாள் நடந்து வரும்போது சாவிகள் எழுப்பும் சப்தத்தைக் கேட்டு, சமையலறைப் பூனை முதல் பாடம் படிக்காத பிள்ளை வரையில் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். அந்தக் கொத்து மாமியாரின் இடுப்பிலிருந்து மருமகளின் இடுப்புக்கு மாறிய தினம், அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் ஒரு பட்டாபிஷேக தினமாகவே கருதப்பட்டது.

இப்போது ராஜ்யம் பங்கு போடப்பட்டுவிட்டது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரிடமும் வாசற்கதவுச் சாவி ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் ஸ்கூட்டர் சாவி, ஆபீஸ் மேஜைச் சாவி, பாங்கு லாக்கர் சாவி. எல்லாம் மெல்லியவை, வழுக்குகிறவை, பையின் அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறவை. பதுங்கியவை சும்மாவும் இருப்பதில்லை. பக்கத்திலுள்ள செல்போனின் கண்ணாடியைக் கீறுகின்றன. பையின் உள்துணியை ஓட்டையாக்குகின்றன. ஆகவே, சாவிக்கு ஒரு சட்டை தைத்துப் போடுவது தற்காலத்தில் மிகவும் அவசியமான காரியமாகிவிட்டது.

சாவிக்குச் சட்டை என்றதும் இது ஏதோ சீமையிலிருந்து வந்த நாகரிகம் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். நம் பாட்டிமார்களின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, பெட்டிச் சாவி எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி அறை உண்டு. இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் பிடித்து இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். இவ்வளவு சாமர்த்தியமான அந்தப் பைக்காக எந்தப் பாட்டியும் கடைக்குப் போய்த் துணி வாங்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சியது, பேரனின் சட்டையில் மிஞ்சியது, கிழிந்த பட்டுப் புடவையின் கரை ஆகிய இவைகள்தாம் அதன் மூலப் பொருள்கள். துண்டு சிறியதாக இருந்ததால் அறைகள் பலவாயின. அறைகள் பலவானதால் பையும் அதிக உபயோகமுள்ளதாயிற்று.

வேலூரில் நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு தையற்கடை இருக்கிறது. தினம் மாலையில் கடைக்காரர் தரையைப் பெருக்கும்போது, ஒரு கூடை நிறைய வெட்டுத்துண்டுகள் சேரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கூடையை நாம் கேட்டு வாங்கிவர ஆரம்பித்தோம். வீட்டிலே ஒரு பழைய தையல் இயந்திரமும், சாயங்கால வேளையில் கொஞ்சம் ஓய்வும் இருந்தன. முதலில் நமக்கு நாமே ஒரு சாவி உறை தைத்துக்கொண்டோம். அதைப் பார்த்த அடுத்த வீட்டு அம்மாள் தமக்கு ஒன்று வேண்டும் என்றார். அவருடைய நாத்தனாருக்கு இரண்டு வேண்டியிருந்தது. இப்படியாகத் தெருவிலுள்ள பாதிச் சாவிகள் சட்டை போட்டுக்கொண்டுவிட்டன.

இந்தச் சமாசாரம் ஆம்பூரிலுள்ள நம் உறவினர் ஒருவர் காதுக்கு எட்டியது. "துணித் துண்டு என்ன பெரிய துண்டு? எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்!" என்று அவர் சொல்லியனுப்பினார். காட்பாடியில் ரயில் ஏறினால், குடியாத்தத்தைத் தாண்டிச் சற்று நேரத்துக்கெல்லாம் ஆம்பூர் வந்துவிடுகிறது. அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் நாக்குள்ளவர்களுக்கெல்லாம் பிரியாணி ஞாபகம் வரும். ஆனால், ஊருக்குச் சோறு போடுவது தோல்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பிரதேசத்தில் உள்ள இந்த ஊர்களெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தோலை நம்பியே வாழ்ந்து வருகின்றன. முன்னே இவை யாவும் ஒரே வேலூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 2019-இல் அந்த ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டை ஜில்லாவுக்குப் போயிற்று. ஜில்லா பிரிந்ததே தவிரத் தொழில் பிரியவில்லை. காலை வேளையில் ஷூ கம்பெனிகளின் பஸ்கள் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குள் வருவதைப் பார்த்தால், அந்த உண்மை உடனே விளங்கிவிடும்.

உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒரு கோணிப்பை நிறையத் தோல் துண்டுகள் நமக்காகக் காத்திருந்தன. ஷூ கம்பெனியின் கழிவை எடைக்கு எடுத்து விற்கும் ஒருவரிடம் வாங்கியதாம். கறுப்பு, காப்பி நிறம், கருநீலம், சிவப்பு, வெள்ளை. உள்ளங்கை அகலத்தில் சில, வாழைப்பூ மடலைப் போல் வளைந்தவை சில, மூன்று மூலை உள்ளவை சில. இடையிடையே ஷூவுக்கு உள்பக்கம் கொடுக்கும் துணியின் துண்டுகளும் கலந்திருந்தன. "இவ்வளவு நல்ல தோலை ஏன் எறிகிறார்கள்?" என்று நாம் கேட்டோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டின் உடம்பும் மாட்டின் உடம்பும் ஷூவின் அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டியாக, ஒரே சீராக இருக்கும். வயிற்றுப் பக்கத்துத் தோல் தளர்ந்து நீளும். கழுத்தில் சுருக்கம், காலருகே மெலிவு. முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட அடையாளம் என்று உயிரோடிருந்த காலத்துக் கஷ்டமெல்லாம் தோலில் எழுதியிருக்கும். வெட்டுகிறவர் இவற்றையெல்லாம் விலக்கிக்கொண்டு அச்சை வைக்கவேண்டும். அச்சுகளோ வளைவு நெளிவானவை. ஒன்றுக்கொன்று ஒட்ட வைத்தாலும் நடுவே சந்து விழத்தான் விழும். ஜோடியின் இரண்டு ஷூக்களும் நிறத்திலும் தடிப்பிலும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் உண்டு. ஆகவே, எவ்வளவு கெட்டிக்காரர் வெட்டினாலும் துண்டு மிஞ்சியே தீரும். உண்மையில் கழிவு இதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. உப்பிட்டு வந்த ஒரு டன் மாட்டுத் தோலைப் பதனிட்டால், கடைசியில் உபயோகமுள்ள தோலாகக் கையில் நிற்பது சுமார் கால் பங்குதான். அந்தக் கால் பங்கிலிருந்து விழுந்தவைதாம் நம் கோணிப்பைத் துண்டுகள்.

இவை ஆம்பூரில் விழ ஆரம்பித்ததும் நெடுங்காலத்துக்கு முன்னாலல்ல. ஒரு காலத்தில் இந்தப் பிரதேசத்திலிருந்து அரைகுறையாகப் பதனிட்ட தோல்கள் முழு முழுத் தோலாகவே கப்பலேறிச் சென்றன. ஷூவாக வெட்டுவதும் தைப்பதும் பெரும்பாலும் சீமையில் நடந்தன. கழிவும் அங்கேதான் விழுந்தது. 1970-களில் இந்திய அரசாங்கம் பச்சைத் தோலும் அரைப் பதனிட்ட தோலும் வெளிநாட்டுக்குப் போவதைக் கட்டுப்படுத்தி, முடிவான பொருள்களை இங்கேயே செய்து அனுப்பும்படி தூண்டியது. அதன் பிறகு வெட்டும் மேஜைகள் ஆம்பூருக்கு வந்தன. தையல் இயந்திரங்கள் வந்தன. அவற்றின் முன்னால் உட்காரப் பெண்கள் வந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். வேலை வந்த வண்டியிலேயே கழிவும் வந்து இறங்கியது.

துண்டு என்றால் எல்லாத் துண்டும் ஒரே ஜாதி அல்ல. பழைய முறையில் தோலை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1903-இல் அதைச் சோதனை செய்து காட்டினார். சில நாட்களில் வேலை முடிந்துவிடுவதாலும், தோல் மிருதுவாக இருப்பதாலும் ஷூவின் மேல்பாகத்துக்கு இன்று பெரும்பாலும் குரோமியத் தோலே உபயோகமாகிறது. இரண்டையும் அடையாளம் காண ஒரு வழி உண்டு. துண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். மேலே என்ன சாயம் பூசியிருந்தாலும், நடுவே சாம்பல் கலந்த நீலமாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது குரோமியத் தோல். பழுப்பாகத் தெரிந்தால் பட்டையில் பதனிட்டது. சாயம் உள்வரை ஊறியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது வெறும் பாண்டித்தியத்துக்காக அல்ல. குரோமியத் தோலைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினால், தோலில் சாதுவாக இருந்த குரோமியத்தில் ஒரு பகுதி கொடிய விஷமாக மாறிச் சாம்பலில் தங்கிவிடும். அடுத்த மழையில் அது மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். பாலாற்றங்கரைக்குக் கிணற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சம்பந்தமாக வேலூர்ப் பொதுஜனங்களின் நலச் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அசுத்தம் செய்தவரே அதற்குரிய செலவையும் ஏற்கவேண்டும் என்ற தத்துவம் இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. நாலு சாவி உறை தைப்பதால் ஆம்பூரின் கழிவு மலை கரைந்துவிடும் என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. ஓர் உறைக்கு உள்ளங்கையளவு தோல் போதும். மலையோ மலையாகவே இருக்கும். ஆனாலும், கையில் வந்த துண்டைக் கொளுத்தாமல் நல்ல பொருளாக மாற்றுவது நல்ல காரியம் என்பதில் ஆக்ஷேபம் இருக்க முடியாது.

இனி, தைக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லுவோம். நாம் தைப்பது கோயில் மணியின் உருவத்தில் உள்ள உறை. வீட்டிலுள்ள சாவிகளில் மிக நீளமானதை அளந்து, அதற்கு மேல் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவே மணியின் உயரம். அடிப்பக்கத்து அகலம் மூன்று அங்குலம் இருந்தால் மூன்று சாவிகள் தாராளமாக அடங்கும். காகிதத்தில் மணியை வரைந்து வெட்டிக்கொண்டு, அதை வைத்து மேல்துணியில் இரண்டும் உள்துணியில் இரண்டுமாக வெட்டவேண்டும். துணிக்குச் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்காக விடவேண்டும். இல்லாவிட்டால் பிசிறு வந்து நாலே நாளில் பிரிந்துவிடும். ஒரு மேல்துணியும் ஓர் உள்துணியும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துத் தைத்து, சிறு வாய் விட்டு, அதன் வழியாகப் புரட்டினால் ஒரு பாதி தயார். இப்படியே மற்றொரு பாதி. பிறகு இரண்டையும் பக்கவாட்டில் கெட்டித் தையலால், அதாவது ஓர் அடி பின்வாங்கி இரண்டடி முன்னே செல்லும் தையலால், இணைக்க வேண்டும். அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். உச்சியில் கயிறு நுழையுமளவு துவாரம் விடவேண்டும். கயிற்றின் கீழ் நுனியில் சாவி வளையம். மேல் நுனியில் ஒரு மணியோ முடிச்சோ. கயிற்றை மேலே இழுத்தால் சாவிகள் மணிக்குள் மறைந்துவிடும். விட்டால் மணியின் நாக்கைப் போல் கீழே இறங்கும்.

இதே உறையைத் தோலில் தைக்கும் வித்தையை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் உறவினரின் அடுத்த வீட்டுப் பெண்மணி. அவர் பத்து வருஷத்துக்கும் மேலாக வீட்டிலிருந்தபடியே ஷூ தைப்பவர். தையல் வெளியே தெரியும்படியான ஒருவகை ஷூவுக்கு, முன்பக்கத்துத் தையலைக் கையாலேயே போடவேண்டும். ஷூவின் மேல்பாகத்தை அந்தப் பக்கத்தில் 'அப்பர்' என்பார்கள். கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள ஏஜெண்டு அப்பர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். தைத்து முடித்ததும் எடுத்துப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டு வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே, திண்ணையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிற பெண்கள் அந்தப் பகுதியில் எத்தனையோ பேர். 2016-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை ஆம்பூர்ப் பக்கத்திலுள்ள இவர்களைப் பற்றியே எழுதப்பட்டது.

அந்தப் பெண்மணி நம் கையிலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "துணியில குத்தின ஊசிய எடுத்தா ஓட்டை மறைஞ்சிடும்மா. தோலு அப்படி இல்ல, ஒரு தடவை குத்தினா குத்தினதுதான்" என்றார். ஆகவே, தோலுக்குக் குண்டூசி உதவாது. துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டுத்தான் இரண்டு பக்கத்தையும் பிடித்துவைக்க வேண்டும். முதலில் குத்தூசியால் ஒரே இடைவெளியில் துவாரம் போட்டுக்கொண்டு, பிறகு மெழுகு தடவிய நூலைக் கோக்க வேண்டும். "நெருக்கி நெருக்கித் தைச்சாக் கெட்டியா இருக்கும்னு நினைக்காதீங்க. தபால் ஸ்டாம்பு மாதிரி அந்த வழியே கிழிஞ்சிடும்" என்று எச்சரித்தார். தோலில் பிசிறு வராது. ஆகையால் ஓரத்தை மடிக்க வேண்டியதில்லை. துணியில் தைத்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பெரிய லாபம்.

மற்றொரு சூக்ஷ்மமும் உண்டு. பட்டையில் பதனிட்ட தோலில் இரும்புச் சாவியை வைத்து, மழையில் நனையவும் விட்டால், தோலில் கறுப்புக் கறை படிந்துவிடும். இதென்ன மாயம் என்று திகைக்க வேண்டாம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு உண்டாகும். நம் முன்னோர்கள் எழுதுவதற்கு மசி காய்ச்சியதும் இந்த முறையில்தான். சாவி தன் வரலாற்றைத் தோலில் எழுதாமலிருக்க, உள்ளே ஒரு பருத்தித் துணித் துண்டை வைத்துத் தைத்துவிடுவது நல்லது. இப்படித்தான் வேலூர்த் தையற்கடைத் துணியும் ஆம்பூர் ஷூ கம்பெனித் தோலும் ஒரே உறையில் சம்பந்தம் செய்துகொண்டன. மேலே தோல், உள்ளே பூப்போட்ட சீட்டித் துணி. பார்ப்பதற்கு மிகவும் லட்சணமாக இருந்தது.

அந்தப் பெண்மணிக்கு இதில் ஓர் ஆசை உண்டாயிற்று. அப்பர் தைப்பது ஏஜெண்டு கொடுக்கிறபோது உண்டு, கொடுக்காதபோது இல்லை. சாவி உறையானால் தாமே தைத்துத் தாமே விற்கலாமல்லவா? அவரும் அவருடைய சிநேகிதிகள் மூவரும் சேர்ந்து முப்பது உறைகள் தைத்தார்கள். வேலூரில் நடந்த ஒரு கைத்தொழில் கண்காட்சியில் நாம் அவர்களுக்கு ஒரு மேஜை பிடித்துக் கொடுத்து, கணக்கு எழுதுகிற உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டோம். உறை ஒன்றுக்கு 80 ரூபாய் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தோம்.

சாயங்காலம் ஒரு குடும்பம் வந்தது. நல்ல உடை, நல்ல பேச்சு. நம் பத்திரிகையைப் போன்ற பத்திரிகைகளைப் படிக்கிறவர்களாகவே இருக்க வேண்டும். அந்த வீட்டு அம்மாள் ஓர் உறையை எடுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பெண்ணிடம் காட்டி மகிழ்ந்தார். "எதில் செய்தது?" என்று கேட்டார். நம் பெண்மணி ஒளிவு மறைவில்லாமல், "ஷூ கம்பெனியில மிஞ்சின தோலும்மா, உள்ளே தையற்கடைத் துணி" என்றார். "ஓ! வேஸ்ட்தானே? அதற்கா எண்பது ரூபாய்? முப்பது ரூபாய்க்குக் கொடுங்கள்" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, மிகவும் நியாயமான விஷயத்தைச் சொல்லுகிற தோரணையில்தான் சொன்னார். கடைசியில் 40 ரூபாய்க்கு வியாபாரம் முடிந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்திலிருந்தவர்களும் 40 ரூபாய்க்கே கேட்டார்கள். அன்று இரவுக்குள் முப்பது உறைகளும் விற்றுப்போய்விட்டன. மேஜையைக் காலி செய்துகொண்டிருந்த நம் பெண்மணி, "நல்லாத்தான் வித்துதும்மா. ஆனா அப்பருக்கே போயிடலாம்னு தோணுது" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டியது. தோலில் ஓர் உறை தைக்க, வெட்டுவது முதல் முடிச்சுப் போடுவது வரையில், அவருக்கு 75 நிமிஷம் ஆகிறது. வளையம், நூல், மெழுகு, கயிறு ஆகியவற்றுக்கு 10 ரூபாய் செலவு. 40 ரூபாயில் அதைக் கழித்தால் 30 ரூபாய். 75 நிமிஷத்துக்கு 30 ரூபாய் என்றால் நிமிஷத்துக்கு 40 காசு. 2025-26-ஆம் வருஷத்தில் கிராம வேலை உறுதித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமாகக் கணக்குப் போட்டால் அது நிமிஷத்துக்கு 70 காசு. ஏரியில் மண் வெட்டும் வேலை கண்ணியமான வேலை. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், பத்து வருஷம் பழகிய கைத்தையலுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றால், அது என்ன நியாயம்?

இந்த இடத்தில்தான் நம் எல்லோருடைய மனத்திலும் ஒரு தவறான கணக்கு ஓடுகிறது. மிஞ்சிய துண்டு என்றதும், அதை ஒட்டிய எல்லாமே மிஞ்சியது என்று எண்ணிவிடுகிறோம். தோல் மிஞ்சியது; வாஸ்தவம். அதைத் தைத்த ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து மிஞ்சியது? கண்ணின் கூர்மையும் விரலின் பழக்கமும் எந்தக் கம்பெனியின் தரையில் பெருக்கி எடுத்தவை? உண்மையில், துண்டில் வேலை செய்வது முழுத் தோலில் வேலை செய்வதைவிடக் கடினம். முழுத் தோலில் அச்சை வைத்து ஒரே அழுத்தில் வெட்டிவிடலாம். துண்டிலோ ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, தழும்பை விலக்கி, எந்தப் பக்கம் நீளும் என்று இழுத்துப் பார்த்து, நிறத்துக்கு நிறம் ஜோடி சேர்க்க வேண்டும். பொருள் எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு உழைப்பு அதிகமாகிறது. ஆனால், நாம் விலை பேசும்போது நேர்மாறாகப் பேசுகிறோம்.

வீட்டுப் பெண்களின் வேலை என்றால் இந்த மயக்கம் இரட்டிப்பாகிறது. "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் தைத்ததுதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் என்று ஒன்று அந்தத் திண்ணையில் இருந்ததை நாம் பார்த்ததில்லை. 1996 ஜூன் மாதத்தில் ஜெனிவாவில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து கூலி வேலை செய்கிறவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஆற்றைக் கெடுத்தவர் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று டில்லியில் தீர்ப்பானதும் அதே வருஷத்தில்தான். டில்லித் தீர்ப்பு நம் நாட்டில் சட்டமாகிவிட்டது. ஜெனிவா ஒப்பந்தத்தை முறைப்படி ஏற்ற நாடுகளின் ஜாபிதாவில் இந்தியாவின் பெயர் ஏறவில்லை.

பொருளுக்கு விலையே இல்லாவிட்டாலும் தையலுக்குக் கூலி கொடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமிக்குப் பிறகு, புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஆரோவில்லில் 'உபாசனா' என்னும் ஆடை நிலையத்தை நடத்திவந்த ஸ்ரீமதி உமா பிரஜாபதி, சுற்றுப்புறத்து மீனவப் பெண்களுக்கு மிஞ்சிய துணித் துண்டுகளைக் கொடுத்துச் சிறு பொம்மைகள் தைக்கக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கடலைப் பார்க்கவே அஞ்சிக்கொண்டிருந்த பெண்களின் கைகளுக்கு ஒரு வேலை கொடுத்து, மனத்துக்குத் தைரியம் உண்டாக்குவது நோக்கம். 'சுனாமிகா' என்று பெயர் பெற்ற அந்த விரலளவு பொம்மை, பையிலும் சாவியிலும் கட்டித் தொங்கவிடக்கூடியது. அதற்கு விலைச் சீட்டு கிடையாது, பரிசாகவே கொடுக்கப்படுகிறது. பெற்றவர்கள் மனமுவந்து நன்கொடை அளிக்கலாம். ஆனால், தைத்த பெண்களுக்குக் கூலி உண்டு. துணி இனாம், பொம்மை இனாம், தையல் மட்டும் இனாம் அல்ல. அந்தப் பொம்மைகள் லட்சக்கணக்கில் பல நாடுகளுக்கும் போயிருக்கின்றன.

ஆம்பூருக்கும் இந்த யுக்தி பொருந்தும். கண்காட்சிக்குப் பிறகு நாமும் அந்த நான்கு பெண்மணிகளும் உட்கார்ந்து, விலைச் சீட்டைத் திருத்தி எழுதினோம். பழைய சீட்டில் '80 ரூபாய்' என்று மட்டும் இருந்தது. புதிய சீட்டில், 'தோலும் துணியும் – விலை இல்லை. வளையம், நூல் முதலியன – 10 ரூபாய். தையல் கூலி, 75 நிமிஷம் – 70 ரூபாய். ஆக 80 ரூபாய்' என்று இருந்தது. இப்படிப் போட்டால் தையலுக்கு நிமிஷத்துக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றே குறைவாக வருகிறது. கைவேலைக்கு இது கொழுத்த கூலி என்று யாரும் சொல்ல முடியாது.

புதிய சீட்டுடன் சென்ற மாதம் மறுபடியும் ஒரு மேஜை போட்டோம். முன்போல் ஒரே நாளில் எல்லாம் விற்றுவிடவில்லை. இருபது கொண்டுபோனதில் பதினொன்று விற்றது. சிலர் சீட்டைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால், "வேஸ்ட்தானே?" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டை இரண்டு தடவை படித்தார். "எழுபத்தைந்து நிமிஷமா? உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திராமலா?" என்று கேட்டுவிட்டு, 80 ரூபாயை எண்ணி வைத்தார். மிச்சமிருந்த ஒன்பது உறைகளையும் நம் பெண்மணி பத்திரமாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அப்பருக்குப் போகும் பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை. ஆனால், மறுநாள் காலையில் ஏஜெண்டு கட்டைக் கொண்டுவந்து போட்டபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்பது உறை விற்காமல் இருக்கையில் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த ஒன்பதை வாங்க வேண்டியவர்கள் நேயர்களாகிய நீங்கள்தாம். ஆம்பூருக்கே வந்து வாங்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் துண்டுத் துணியில் சுருக்குப்பையோ, சாவி உறையோ, குழந்தைக்குச் சட்டையோ தைத்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த தடவை அப்படியொரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இது எதில் செய்தது என்று கேட்பதற்கு முன்னால், இதைத் தைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு விலை பேசத் தோன்றினால், தாராளமாகப் பேசலாம்.